பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்) 27 என்று வந்தது, உங்கள் அனுபவம் என்ன?

அலுவலகத்தில் வருடாந்திரப் பரிசோதனை. உயரம் 170 செ.மீ., எடை 78 கிலோ. மீட்டரில் உயரத்தை அதே எண்ணால் பெருக்கி (2.89), அதைக் கொண்டு எடையை வகுத்தால் 27 வருகிறது. அறிக்கையில் பக்கத்திலேயே 'அதிக எடை' என்று சிவப்பு எழுத்து. எல்லாரும் மதிப்பெண் மாதிரி எண்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மருத்துவர் அந்தச் சிவப்பு எழுத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். பேண்ட் நிற்கும் இடத்தில் இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு. 98 செ.மீ. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினால் கவனிக்க வேண்டும் என்றார். இன்னொரு சுலபக் கணக்கும் சொன்னார்: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். எனக்கு அது 85. தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் கல்லீரல், குடலைச் சுற்றிச் சேருவதுதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுகிறதாம். ரத்தப் பரிசோதனையிலும் சர்க்கரை எல்லைக்கோட்டில்தான் இருந்தது.

ஆசியர்களுக்குச் சொல்லும் எல்லையான பிஎம்ஐ 23-க்குக் கீழே வர நான் 66 கிலோவுக்கு இறங்க வேண்டும். "அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் 4 கிலோ" என்றார். இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டிலும் பலன் தெரியுமாம். இதைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கிவிட்டது. உங்களுக்கெல்லாம் எப்படி?

*

எனக்கு நேர் எதிர். பல வருடமாக எடை தூக்கும் பயிற்சி செய்கிறேன். 175 செ.மீ., 86 கிலோ, பிஎம்ஐ 28. காப்பீட்டு விண்ணப்பத்தில் எண்ணைப் போட்டதும் கூடுதல் பரிசோதனை கேட்டார்கள். இடுப்பு 82 செ.மீ., ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சரி. தராசுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று: ஜிம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத நண்பர்களும் "எனக்கும் தசைதான்" என்று இதே சாக்கைச் சொல்கிறார்கள். டேப் எடுத்தால் பேச்சு நின்றுவிடும்.

*

பரிசோதனை முகாம்களில் அளவெடுக்கும் செவிலியர் நான். உயரத்தை யாரும் மதிப்பதே இல்லை! பலர் இருபது வயதில் எப்போதோ அளந்ததையே சொல்வார்கள். செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சுவரில் ஒட்டி, நேரே பார்த்து நிற்க வேண்டும். முதலில் எழுதியவருக்கு உயரம் உண்மையில் 167 என்றால், அதே 78 கிலோவுக்கு பிஎம்ஐ 28 ஆகிவிடும். கணக்கில் உயரம் இரண்டு முறை வருவதால் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும்.

எல்லை விஷயத்தில் நிறையப் பேருக்குக் குழப்பம். உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரையறையில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல் பருமன். ஆசியர்களுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே சர்க்கரை நோய் ஆபத்து கூடுவதால், 23-லிருந்தே கவனிக்கலாம் என்று 2004-இல் ஒரு நிபுணர் குழு சொன்னது. அதனால்தான் ஒரே எண்ணுக்கு ஓரிடத்தில் பச்சை, இன்னோரிடத்தில் மஞ்சள். கர்ப்பிணிகளுக்கும், கால் வீக்கம், வயிற்றில் நீர் உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கை அப்படியே பார்க்காதீர்கள். குழந்தைகளுக்கு வயதுவாரி அட்டவணை தனி.

பிஎம்ஐ கணக்கை முதலில் யோசித்த கெட்லே 19-ஆம் நூற்றாண்டு பெல்ஜிய வானியலாளர், புள்ளியியலாளர். மருத்துவரே இல்லை! அவர் தேடியது மக்கள்கூட்டத்தின் சராசரியை. தனி ஆளின் உடல்நலத்தை அல்ல.

*

எல்லாரும் மேலே போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 160 செ.மீ., 45 கிலோ. பிஎம்ஐ 17.6. "ஒல்லியா அழகா இருக்கே, என்ன செய்றே?" என்று கேட்பார்கள். செய்தது ஒன்றுமில்லை, களைப்பு, முடி உதிர்வு, தள்ளிப்போகும் மாதவிடாய். மருத்துவர் முதலில் கேட்டது, எடை எப்போதும் இப்படியா, சமீபத்தில் குறைந்ததா என்றுதான். காரணமில்லாமல் இறங்கினால் தைராய்டு, சர்க்கரை, காசநோய் எல்லாம் பார்க்க வேண்டுமாம். எனக்கு இருந்தது ரத்தசோகை. என் உயரத்துக்கு 18.5 என்றால் 47 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதை எட்டவே எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது, எடை ஏற்றுவது சும்மா இல்லை.

*

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பிஎம்ஐ 22, பல வருடமாக அதே எடை. எல்லாருக்கும் திருப்தி. ஆனால் தொடை மெலிந்து, வயிறு முன்னால் வந்திருந்தது. தசை குறைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்தால் தராசு முள் அசையாது. மருத்துவர் கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார், அப்பாவால் முடியவில்லை. இப்போது இயன்முறைப் பயிற்சி போகிறது, புரதமும் கூட்டியிருக்கிறோம். எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. அது கெட்டது இல்லை என்று அவரை நம்ப வைப்பதுதான் இப்போதைக்குப் பெரிய வேலை.