அத்தை போனும் 47 சதவீதமும்: கையால் அப்டேட் போட்ட அனுபவம்

2023 தீபாவளிக்கு ராசிபுரம் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தையிடம் இருப்பது பிக்சல் 6ஏ, மகள் வாங்கிக் கொடுத்தது. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் பாதுகாப்பு அப்டேட் தேதி ஜனவரியோடு நின்றிருந்தது. அந்தத் தெருவில் சிக்னல் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். அப்டேட் இறங்க ஆரம்பிக்கும், பாதியில் நின்றுவிடும். கடையில் கேட்டதற்கு, "ஃபிளாஷ் பண்ணி சாஃப்ட்வேரைப் புதுசா ஏத்தித்தான் ஆகணும், உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும்" என்றார்களாம். அத்தை போனை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

காரணம் மாமா. லாரி ஓட்டியவர். லோடு இறக்கும் இடத்திலிருந்தெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். அவர் தவறி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பேக்கப் எதுவும் கிடையாது. "அப்டேட்டே வேண்டாம் கண்ணு, இது இப்படியே கெடக்கட்டும்" என்றார் அத்தை. ஆனால் பேங்க் கணக்கும் பணம் அனுப்புவதும் அதே போனில்தான். அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

அதனால் முதலில் அப்டேட்டைத் தொடவே இல்லை. போனை லேப்டாப்பில் செருகி, ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸ்அப் என்று ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போனேன். குரல் பதிவுகளுக்குத் தனி ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் ஆண்டையும் வார எண்ணையும் சேர்த்துப் பெயர் வைத்த சின்னச் சின்ன ஃபோல்டர்கள்: 202241, 202242 என்று வரிசையாக. எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே, "சாப்ட்டியா? அங்க மழையா?" என்று மாமா குரல். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தை வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் ஏழெட்டுப் பதிவுகள் கேட்டோம். அன்றைக்கு வேறு வேலை நடக்கவில்லை.

மறுநாள் நாமக்கல் போய் நண்பர் வீட்டு வைஃபையில் அப்டேட் கோப்பை இறக்கினேன், இரண்டு ஜிபிக்கு மேல். பிக்சலுக்கு கூகுளே இரண்டு வகைக் கோப்புகளைத் தனித்தனியாக வெளியிடுகிறது. ஃபேக்டரி இமேஜ் ஒன்று. அதற்குப் பூட்லோடரின், அதாவது போனை எழுப்பும் முதல் நிரலின், பூட்டைத் திறக்க வேண்டும், திறந்தாலே போன் துடைத்து எடுக்கப்பட்டுவிடும். இன்னொன்று முழு ஓடிஏ கோப்பு, வழக்கமாக இணையம் வழியே போனுக்கு வரும் அப்டேட்டின் முழு வடிவம். இதற்குப் பூட்லோடரைத் திறக்க வேண்டியதில்லை. கோப்பில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பத்தை, போனில் சிஸ்டத்துக்கு வெளியே தனியாக எழும்பும் ரெக்கவரி மெனுவே சரிபார்த்துவிட்டு ஏற்றும். நம் தரவைத் தொடாது. கடையில் சொன்னது முதல் வகை, எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவது.

கோப்பு சிதையாமல் வந்திருக்கிறதா என்று அறிய, அதன் எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விண்டோஸில் சர்ட்யூட்டில் என்ற கட்டளையே இதற்குப் போதும். ஒரு நிமிஷ வேலை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அத்தை வீட்டுக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினேன். ரெக்கவரிக்குள் போனதும் "நோ கமாண்ட்" என்று கவிழ்ந்த ஆண்ட்ராய்டு பொம்மை வரும். அது பிழை இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி வால்யூம் அப்பை ஒரு தட்டு தட்டினால் மெனு வந்துவிடும். அதில் ஏடிபி (லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) வழியாக அப்டேட் என்பதைத் தேர்ந்தெடுத்து, லேப்டாப்பில் கோப்பை அனுப்பும் சைட்லோடு கட்டளையைக் கொடுத்தேன். 10, 20, 35 என்று ஏறி 47 சதவீதத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகலாமா என்று கை போய்விட்டது. நல்லவேளை, போன் திரையைப் பார்த்தேன். அங்கே இரண்டில் இரண்டாம் படி ஓடிக்கொண்டிருந்தது. கேபிளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கடைசியில் "ஸ்டேட்டஸ் 0" என்று ஒரு வரி வந்தது. பூஜ்யம் என்றால் பிழையில்லாமல் முடிந்தது என்று அர்த்தம்.

ரீபூட் ஆகி பின் நம்பர் கேட்டது. அத்தை நேராக வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். "இருக்கு" என்றார்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். தென்காசியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எல்லாம் போய்விடும் என்று நாங்கள் சொல்வது பயத்தில்தான். ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல முடியாது. ஆனால் காப்பி எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்காமல் அனுப்பியது தப்புதான்.

சாம்சங்கிலும் இதே கதை உண்டு. கணினியிலிருந்து சாம்சங் போனில் சிஸ்டத்தை ஏற்றும் ஓடின் மென்பொருளில் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று கோப்புகளுக்குத் தனித்தனிக் கட்டங்கள். சிஎஸ்சி கட்டத்துக்கு மட்டும் இரண்டு கோப்புகள் வரும். ஹோம் சிஎஸ்சி போட்டால் தரவு தங்கும், வெறும் சிஎஸ்சி போட்டால் அழியும். ஒரு கோப்பு மாறினால் ஒரு குடும்பத்துப் படங்கள் போச்சு. கடைப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

* * *

நானும் 6ஏ-தான். 2022 ஆகஸ்ட்டில் ஆண்ட்ராய்டு 13 போட்டுவிட்டு 12-க்கே திரும்ப நினைத்தேன். பூட்லோடரைத் திறந்தேன், எல்லாம் அழிந்தது. அப்புறம்தான் எச்சரிக்கையைப் படித்தேன்: 6, 6 புரோ, 6ஏ மூன்றிலும் 13-இன் பூட்லோடர் ஏறிவிட்டால் பழைய 12-க்குத் திரும்ப முடியாது. பழைய பூட்லோடரில் இருந்த ஓட்டையை வைத்து யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று போட்ட பூட்டு அது. திறந்த நிலையில் பேங்க் ஆப் வேலை செய்யவில்லை. திரும்பப் பூட்டினேன், மறுபடி எல்லாம் அழிந்தது. கல்லூரிக் காலத்துப் படங்கள் அதில் இருந்தன. இன்னும் வருத்தம்தான்.

ஒன்று கேட்கிறேன், ஏன் சரியாக 47-இல் நிற்கிறது?

* * *

உங்கள் படங்களை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. கூடப் படித்தவர்களிடம் பிரதிகள் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

47-க்கு வருகிறேன். பழைய முறையில் போன் அந்தக் கோப்பை இரண்டு முறை வாசிக்கும்: சரிபார்க்க ஒரு முறை, ஏற்ற ஒரு முறை, மேலே கொஞ்சம். அதனால் கோப்பின் அளவைப் போல 2.13 மடங்கு போனால்தான் 100 சதவீதம் என்று ஏடிபி கணக்கு வைத்திருக்கிறது. இப்போதைய போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஓடாத இடத்தில் புதியதை எழுதுவார்கள், அது சரியாக எழும்பாவிட்டால் பழையதிலேயே போன் எழும்பும். இந்த முறையில் கோப்பை ஏறக்குறைய ஒரே முறை வாசித்தால் போதும். 100-ஐ 2.13-ஆல் வகுத்துப் பாருங்கள், 47 வரும். ஆகவே லேப்டாப்பில் ஓடும் எண்ணை விட்டுவிட்டு, போன் திரையில் ஸ்டேட்டஸ் வரி வரும்வரை கேபிளைத் தொடாமல் இருங்கள்.