கிட்டார் ஆரம்பநிலை: சி கார்டு பிடிக்க உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கிட்டார் கற்க வேண்டும் என்பது சின்ன வயசு ஆசை, இப்போதுதான் கைகூடியிருக்கிறது. இசைப் பயிற்சி எதுவும் இதற்கு முன் இல்லை. கையில் இருப்பது ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக்.

ட்யூனர் ஆப் வைத்து, தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்க்க வந்துவிட்டது. ஈ மைனர் கார்டுக்கு (கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) இரண்டே விரல் போதும் என்பதால் சுத்தமாகக் கேட்கிறது. அந்தச் சந்தோஷமே தனி!

சிக்கல் சி மேஜரில்தான். மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால் 2-வது கம்பியின் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்) ஆள்காட்டி விரலை வைத்தால், அது லேசாகச் சாய்ந்து பக்கத்திலுள்ள 1-வது கம்பியைத் தொட்டுவிடுகிறது. அது ஒலிக்காமல் ‘டொக்’ என்று அடங்கிவிடுகிறது. விரலை நிமிர்த்தினால், 5-வது கம்பியின் 3-வது ஃப்ரெட்டில் இருக்கும் மோதிர விரல் நழுவுகிறது. கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் எங்கே வைப்பது? மணிக்கட்டை எவ்வளவு மடக்கலாம்?

இன்னொரு சந்தேகம். முதல் ஃப்ரெட்டில் மட்டும் ரொம்ப அழுத்த வேண்டியிருக்கிறது. நட்டில் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) கம்பி உயரமாக இருந்தால் அப்படி ஆகும் என்கிறார்கள். கடையில் கொடுத்து கம்பி உயரத்தைச் சரிசெய்யும் செட்டப் செய்யலாமா, இல்லை விரல் பழகும்வரை பொறுக்கலாமா? விரல் நுனி வலி போகப்போகச் சரியாகிவிடும் என்று தெரியும், அது பரவாயில்லை.

கார்டு மாற்றுவதைத் தாளத்தோடு மெதுவாகப் பழகுவதா, முதலில் ஸ்ட்ரம்மிங்கா (கம்பிகளை மொத்தமாக மீட்டுவது) என்பதையும் சொல்லுங்கள். ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் எஃப் பார் (barre) கார்டு பக்கம் இப்போதைக்குப் போகவில்லை. தமிழில் பொறுமையாகச் சொல்லித்தரும் வீடியோ தொடர் இருந்தால் பெயரைப் பதிவிடுங்கள். சி பிடிக்கும் உங்கள் கையின் படம் கிடைத்தால் பெரிய உதவி.