வகுப்பறைக்கு வெளியே நடத்தும் பாடம்: உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பு மாணவர்களை மாதம் ஒருமுறை, பள்ளியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய இடங்களுக்கு அழைத்துச் சென்று, உள்ளூர் வரலாற்றையும் இயற்கையையும் ஒன்றாகவே கற்பித்து வருகிறேன்.

சென்ற முறை ஒரு பழைய மதில் சுவரின் கல்லில் படர்ந்திருந்த சாம்பல் நிறத் திட்டைப் பெயின்ட் என்று எண்ணிய மாணவி ஒருத்தி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்ததும், "டீச்சர், இதோட ஓரம் சுருண்டிருக்கு, இது உயிரோட இருக்கு" என்றாள். அது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன் என்றும், கல்லில் ஒட்டி வளரும் பல இனங்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை என்றும் சொன்னவுடன், "அப்படியானால் இந்தச் சுவரைக் கட்டி எத்தனை வருஷம் இருக்கும்?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. நான் விரும்பும் வரலாற்றுப் பாடம் இதுதான்.

ஆனால் 40 பேர் கொண்ட வகுப்பில் முன்னால் நிற்கும் சிலருக்கே இந்த அனுபவம் கிடைக்கிறது. வினாத்தாள் கொடுத்தால் கண்கள் சுவரை விட்டுத் தாளுக்குப் போய்விடுகின்றன; கொடுக்காவிட்டால் பின்னால் நிற்பவர்கள் கலைந்துவிடுகிறார்கள். உடன் வருவதோ இன்னொரு ஆசிரியர் மட்டுமே.

இத்தகைய வகுப்புகளை நடத்தியவர்கள், குழுக்களை எப்படிப் பிரித்தீர்கள், ஒவ்வொரு குழுவுக்கும் என்ன வேலை கொடுத்தீர்கள் என்று விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும். முதியவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்கப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்திய அனுபவம் இருந்தால், அதையும் அவசியம் பகிருங்கள்.