பூசணம் எடுக்க 38,000 கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

சிந்துபூந்துறைக்காரன் எழுதியது:

வணக்கம். வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் சேற்றை வழித்துக் கழுவி, இரண்டு மாதம் கதவைத் திறந்து போட்டு, அப்புறம் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தோம். போன மழைக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த ஐப்பசியில் மழை பிடித்ததும் அடுக்களையை ஒட்டிய உள்ளறையில் ஒரு வாடை, நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்தால் வருமே அது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புத் திட்டு, ஆள் உயரத்துக்கு. பீரோவுக்குள் அம்மாவின் கல்யாணப் பட்டு, மடிப்பு மடிப்பாக வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது.

அம்மாவுக்கு 68 வயது, இளைப்பு உண்டு. கட்டில் அந்த அறையில்தான். ராத்திரி இரண்டு தடவை எழுந்து பஃப் எடுக்கிறார்கள்.

பூசணம் எடுக்கிற கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டேன். வந்தவர் கால் மணி நேரம் இருந்தார், டார்ச் அடித்து போட்டோ எடுத்தார். "சார் இது கரும்பூஞ்சை, கொரோனா சமயத்தில் கண்ணை எடுத்தாங்களே, அதே ஐட்டம்" என்று சொன்னதும் வீட்டுக்காரி அழ ஆரம்பித்துவிட்டாள். புகை மிஷின், மருந்து, மேலே பூசண எதிர்ப்பு பெயின்ட், ஐந்து வருஷ கியாரண்டி, எல்லாம் சேர்த்து 38,000. காற்றைப் பிடித்து லேபுக்கு அனுப்ப வேண்டுமென்றால் 6,000 தனி. கொத்தனார், காரையைப் பேர்த்துவிட்டு சிமெண்டில் கெட்டியாகப் பூசினால் போதும் என்கிறார். மச்சான், பிளீச்சிங் பவுடர் கிலோ என்ன விலை என்று சிரிக்கிறான். யார் பேச்சைக் கேட்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாளை சிவில் எழுதியது:

தம்பி, ஒரே கேள்வி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அந்த ஆள் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. ஈரம் இல்லாமல் பூசணம் இல்லை. ஈரத்தை விட்டுவிட்டுப் பூசணத்தை மட்டும் எடுப்பது, ஓட்டைக் குடத்துக்கு வெளியே துடைக்கிற வேலை.

எல்லோரும் வெள்ளத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். செங்கல் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் உலரும் என்று ஒரு கை கணக்கு உண்டு. உன்னுடையது ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்பது மாதம், நம் ஊர் ஆனி ஆடி மேகாற்றில் இன்னும் சீக்கிரம். (தென்காசிப் பக்கம் அதே காற்று சாரலைக் கொட்டும், இங்கே வரும்போது துணி காயப்போடத்தான் லாயக்கு.) நீ இரண்டாம் மாதமே பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தது தப்புதான், உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூட்டிவிட்டாய். இருந்தாலும் அந்த ஈரம் இத்தனை நாள் நிற்காது. இப்போது புதிதாக எங்கிருந்தோ குடிக்கிறது சுவர்.

காசில்லாத சோதனை ஒன்று. ஒரு முழச் சதுரத்துக்கு பாலிதீன் தாளை வெட்டி, சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்று புகாமல் டேப் ஒட்டு. அறையில் மூன்று இடத்தில் ஒட்டு. இரண்டு நாள் கழித்துப் பார். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாய்த் தண்ணீர் என்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது, அதற்கு ஜன்னலைத் திறப்பதும் பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பதுமே பாதி வைத்தியம்.

அப்புறம் திட்டின் உயரத்தைப் பார். தரையிலிருந்து மூன்றடி வரை ஒரே மட்டமாக என்றால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம், பேஸ்மட்டத்தில் டிபிசி (ஓதம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு) போடாத வீடு. மேலிருந்து இறங்கினால் மொட்டைமாடி. நடுவில் ஆரம்பித்து நாலாபக்கமும் விரிந்தால் சுவருக்குள் குழாய். நீ ஆள் உயரம் என்கிறாய், அதுவும் அடுக்களையை ஒட்டி. எனக்குக் குழாய் மேல்தான் சந்தேகம். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு சாக்பீஸால் கோடு போட்டு, காலையில் போய்ப் பார்.

கல்லிடை மருமகள் எழுதியது:

இதே கூத்து எங்கள் வீட்டில் இரண்டு தடவை நடந்தது, அதனால் எழுதுகிறேன். மாமனார் வீடு கல்லிடைக்குறிச்சியில், தார்சா, பட்டாசல் (கூடம்), இரண்டாங்கட்டு என்று நீளமாகப் போகும் பழைய வீடு, எல்லாம் சுண்ணாம்புக் காரை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் சுவர் சொரசொரப்பாக இருக்கிறது என்று பட்டாசலை மட்டும் சிமெண்டில் பூசினார்கள். பளபளவென்று இருந்தது, ஒரு வருஷம். அப்புறம் இடுப்பு உயரத்துக்கு பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது, சோபாவுக்குப் பின்னால் பூசணம். ஒரு கம்பெனி வந்து 22,000 வாங்கிக்கொண்டு மருந்தடித்துவிட்டுப் போனது. ஏழாவது மாதம் அதே இடத்தில் அதே படம். போன் செய்தால், "மேடம் கியாரண்டி பூசணத்துக்குத்தான், ஓதத்துக்கு இல்லை."

கடைசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வயசான கொத்தனார் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மூச்சு விடுற சுவத்துக்கு மூக்கைப் பொத்திட்டியளே" என்றார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். மேலே சிமெண்ட் அப்பினால் வெளியே வர முடியாமல் அது இன்னும் மேலே ஏறும். சிமெண்டைப் பேர்த்துத் திரும்பச் சுண்ணாம்பு பூசி, மேலே வெறும் சுண்ணாம்பு அடித்தோம். ஓதம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், கார்த்திகையில் கீழே லேசாக நிறம் மாறும், தை வெயிலில் சரியாகிவிடும். பூசணம் இல்லை. ஆகவே உங்கள் கொத்தனார் சிமெண்ட் என்று சொன்னால், வீடு எதில் கட்டியது என்று முதலில் கேளுங்கள் தம்பி.

இன்னொன்று. சுவரில் வெள்ளையாகப் பூப்பதெல்லாம் பூசணம் இல்லை, பாதி உப்பு. கிள்ளி எடுத்துச் சொட்டுத் தண்ணீரில் போட்டால் உப்பு கரையும், பூசணம் கரையாது. கறுப்பும் பச்சையும் என்றால் சந்தேகமே வேண்டாம்.

சேரை சுடலை எழுதியது:

எங்க ஆச்சி வருஷா வருஷம் பொங்கலுக்கு வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பாள், பூசணம் என்ற வார்த்தையையே அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. 38,000க்கு எத்தனை மூட்டை சுண்ணாம்பு வரும் தெரியுமா?

தோகா நெல்லையன் எழுதியது:

சுடலை அண்ணாச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது, சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் லேசில் வளராது. ஆனால் எமல்ஷன் மேல் சுண்ணாம்பு ஒட்டாது, ஒரு மாதத்தில் சொரிந்து விழும்.

நான் பாளையங்கோட்டை, கத்தாரில் ஆறு வருஷமாக இதே தொழிலில் இருக்கிறேன். இங்கே மழை இல்லை, ஏசி குழாயில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும், அதனால் எங்களுக்கு வருஷம் முழுக்க வேலை. கம்பெனிக்காரன் எல்லாம் திருடன் என்று சொல்லாதீர்கள். முறையாகச் செய்கிறவன் எப்படிச் செய்வான் என்று சொல்கிறேன், உங்கள் ஆள் அதில் எத்தனை செய்கிறான் என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஈரமானி வைத்துச் சுவரைச் சாண் சாணாக அளப்போம். ஈரத்தின் வழி தெரிந்து அதை அடைக்காமல் மருந்து பாட்டிலைத் திறக்க மாட்டோம். அப்புறம் அந்த அறை வாசலை பாலிதீன் தாளால் மூடி, உள்ளே இருக்கும் காற்றை வடிகட்டி வழியாக வெளியே இழுக்கிற விசிறி வைப்போம், சுரண்டும்போது பறக்கும் பூசண வித்து அடுத்த அறைக்குப் போகக்கூடாது. பூசணம் ஏறிய காரை, அட்டை, பஞ்சு மெத்தை, பிளைவுட் மாதிரி உறிஞ்சுகிற சாமான்களை வெட்டி எடுத்துப் பையில் கட்டி வெளியேற்றுவோம். மீதியை ஹெப்பா வேக்குவம் போட்டு எடுப்போம், அது 0.3 மைக்ரான் தூசியிலேயே 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், சாதா வேக்குவம் முன்னால் இழுத்துப் பின்னால் ஊதிவிடும். துடைப்பது, உலர்த்துவது அதற்கப்புறம். மருந்து கடைசி, சில வீட்டில் அது தேவையும் படாது. வெறும் புகை அடித்துவிட்டுப் போனால் பூசணம் செத்தாலும் அங்கேயேதான் இருக்கும், செத்த பூசணமும் இளைப்புக்காரர்களுக்கு ஆகாது.

லேபுக்கு 6,000 கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற பூசணத்துக்கு எதற்குச் சோதனை? எந்தப் பெயராக இருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும். 2021இல் கண்ணைப் பாதித்தது மியூகோர்மைகோசிஸ். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள் அதில் மாட்டினார்கள். சுவரில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் வேறு இனம், நிறத்தைப் பார்த்து எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. வீட்டம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அதற்காக அலட்சியமும் வேண்டாம், அம்மாவின் கட்டிலை இன்றைக்கே அந்த அறையிலிருந்து மாற்றுங்கள், சுத்தம் செய்யும் நாளில் அவர்கள் வீட்டிலேயே இருக்கக்கூடாது, மருத்துவரிடமும் பூசண விஷயத்தைச் சொல்லுங்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 10 சதுர அடிக்குள் என்றால் வீட்டுக்காரரே செய்யலாம் என்கிறது. உங்களுடையது அதைத் தாண்டும் போலிருக்கிறது, ஆள் வைப்பது நல்லதுதான், ஆனால் மேலே சொன்ன மாதிரி செய்கிற ஆள். மச்சானின் பிளீச்சிங் டைல்ஸுக்குச் சரி. காரையில் அதன் தண்ணீர்தான் உள்ளே இறங்கும், மருந்து மேலேயே நின்றுவிடும். தயவுசெய்து பாத்ரூம் ஆசிட்டோடு அதைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

சிந்துபூந்துறைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று தாள் ஒட்டினேன். தெருப்பக்கச் சுவரில் ஒன்றுமில்லை, ஜன்னல் பக்கம் ஒன்றுமில்லை. அடுக்களைச் சுவரில் ஒட்டியதில் மறுநாள் காலையிலேயே உள்பக்கம் பனி பிடித்த மாதிரி, இரண்டாம் நாள் சொட்டுச் சொட்டாய் டேப் வரை இறங்கிவிட்டது. ராத்திரி தொட்டியில் கோடு போட்டேன், காலையில் கோட்டுக்கு மூன்று விரல் கீழே தண்ணீர். பிளம்பரைக் கூட்டிவந்து பாத்திரம் கழுவும் அங்கணத்துக்கு மேலே சுவரைக் கொத்தினோம். இருபது வருஷத்து இரும்புக் குழாய், எல்போ திரும்புகிற இடத்தில் துருப்பிடித்து ஊசி நுழைகிற ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சக்கூட இல்லை, செங்கல் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வெயில் காலத்தில் குடித்ததெல்லாம் உலர்ந்துவிட்டது போல, மழைக்காற்றில் உலர வழியில்லாமல் பூத்துவிட்டது. அடுக்களைக்குப் போகும் குழாய் முழுவதையும் மாற்றி, சுவருக்கு வெளியே ஓட்டிவிட்டோம். பார்க்க அசிங்கம்தான், பரவாயில்லை. ஆள்கூலியோடு 7,400.

கம்பெனிக்காரர் நேற்று போன் செய்து 29,000க்கு முடித்துத் தருகிறேன் என்றார். வாசலைத் தாள் போட்டு மூடுவீர்களா, ஹெப்பா வேக்குவம் உண்டா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது, திரும்ப வரவில்லை. வேறு ஒருவரிடம் பேசியிருக்கிறேன், ஈரமானி கொண்டு வருகிறேன் என்கிறார், பார்ப்போம்.

அம்மாவுக்கு மச்சில் படுக்கை போட்டேன், படி ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டாசலில் கட்டில் போட்டாயிற்று. பாளை அண்ணாச்சி, பூசணத்தை எடுத்த பிறகு பெயின்ட் எப்போது அடிக்கலாம்? பொங்கலுக்கு முடித்துவிடலாமா?

பாளை சிவில் எழுதியது:

பொங்கலா? ஒரு தடவை சூடுபட்டது போதாதா தம்பி. காரையைப் பேர்த்த இடத்தைப் பங்குனி வரை அப்படியே திறந்து விடு, யார் வந்து கேட்டாலும் வேலை நடக்கிறது என்று சொல். பங்குனிக் கடைசியில் அதே பாலிதீன் தாளை மறுபடி ஒட்டிப் பார், காய்ந்திருந்தால் பூசு. பட்டி வேண்டாம்.

கல்லிடை மருமகள் எழுதியது:

சேலையை யாரும் கவனிக்கவில்லையே! தம்பி, அதில் தண்ணீர் காட்டிவிடாதீர்கள், கறை பிடித்துவிடும். வெயில் நேராகப் படாத முற்றத்தில் கொடியில் விரித்துக் காயவிட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு மெல்லிய பிரஷால் மடிப்பு மடிப்பாகத் தட்டி விடுங்கள், அப்புறம் டிரைகிளீனிங். அம்மாவைத் தட்டவிடாதீர்கள், நீங்களே செய்யுங்கள்.