முகாமுக்கு நீடித்து உழைக்கும் பாத்திரம்: எவர்சில்வரா, டைட்டானியமா, அலுமினியமா?

ஓடைக்கரை:
இரண்டு பேராக மலைப்பாதைகளில் நடந்து, இரவில் டென்ட் போட்டுத் தங்குவது எங்கள் வழக்கம். கையில் இருப்பது நான்ஸ்டிக் பூசிய மெல்லிய அலுமினியப் பாத்திரம். பூச்சு உரிகிறது, கைப்பிடியும் ஆடுகிறது. அடுத்து வாங்குவது பல வருடம் உழைக்க வேண்டும். பெரும்பாலும் சின்ன கேஸ் அடுப்புதான், அனுமதி உள்ள இடங்களில் விறகும் மூட்டுவோம். எந்த உலோகத்தில் வாங்கலாம்?

கனத்தஅடி:
யோசிக்கவே வேண்டாம், எவர்சில்வர். 304 தரமாகப் பார்த்து வாங்குங்கள். அதில் இருக்கும் சுமார் 18 சதவீத குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகப் படிந்திருக்கும். கீறினாலும் காற்று பட்டதும் படலம் தானாக மூடிக்கொள்ளும். மணல் போட்டுத் தேய்க்கலாம், விறகில் ஏற்றலாம், பாறையில் விழுந்தால் ஒடுங்குமே தவிர உடையாது. ஒடுங்கியதையும் தட்டி எடுத்துவிடலாம்.

இறகுமூட்டை:
முதுகில் சுமந்து நடக்கிறேன் என்கிறவரிடம் எவர்சில்வரைத் தூக்கிக் கொடுக்கிறீர்களே! ஒரு கன சென்டிமீட்டர் எவர்சில்வர் கிட்டத்தட்ட 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். டைட்டானியம் கடல்நீரிலேயே துருப்பிடிக்காது. உருக 1,668 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதாவது எந்த விறகுத் தீயும் அதை உருக்கப் போவதில்லை. தீயில் வைத்தால் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறும். அது ஆக்சைடு படலம் தடித்ததால் வரும் நிறம், பழுது இல்லை.

நீலச்சுடர்:
இரண்டு பேருமே சமைப்பதை மறந்துவிட்டீர்கள். வெப்பம் கடத்தும் திறனில் எவர்சில்வர் 16 என்றால் டைட்டானியம் 20க்குப் பக்கம், தூய அலுமினியம் 235 வரை போகும். கேஸ் அடுப்பின் சுடர் ஒரு சின்ன வட்டத்தில்தான் படும். மெல்லிய டைட்டானியத்தில் அந்த வட்டம் மட்டும் கொதித்து அரிசி அங்கேயே கருகும், ஓரத்தில் பாதி வேகாமல் கிடக்கும். ஹார்டு அனோடைஸ்டு அலுமினியம்தான் சரியான வழி. அது மேலே தடவிய பூச்சு கிடையாது. அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேற்பரப்பையே கடினமான ஆக்சைடாக மாற்றுகிறார்கள். நான்ஸ்டிக் மாதிரி தோல் தோலாக உரியாது.

கனத்தஅடி:
அனோடைஸ்டு நல்லதுதான், கேஸ் அடுப்போடு நின்றால். கேட்டவர் விறகும் மூட்டுகிறார். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும், நன்றாகக் கனிந்த தணல் அதைத் தாண்டிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், கவலையில்லை. வற்றிப்போனதைக் கவனிக்காமல் தணல்மேல் விட்டால் அடி தொய்ந்துவிடும். இன்னொன்று, காட்டில் கழுவ நம் கைக்கு முதலில் எட்டுவது சாம்பல். ஈரச் சாம்பல் காரத்தன்மை கொண்டது, நீங்கள் சொல்லும் அந்த ஆக்சைடை அரிப்பதும் காரம்தான்.

நீலச்சுடர்:
சாம்பலால் தேய்க்காமல் இருந்தால் போகிறது, அதற்காக உலோகத்தையே ஒதுக்குவதா? தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், கேஸ் மிச்சமாகும். அதையும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
இந்த "சீக்கிரம் கொதிக்கும்" கதையைக் கணக்கில் போட்டுப் பார்ப்போமா? ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 335 கிலோஜூல் வேண்டும். 300 கிராம் எவர்சில்வர் பாத்திரம் அதே அளவு சூடேற 12 கிலோஜூல், 150 கிராம் அலுமினியத்துக்கு 11, 130 கிராம் டைட்டானியத்துக்கு ஐந்தரை. தண்ணீர் குடிக்கும் வெப்பத்துக்கு முன்னால் இந்த வித்தியாசமெல்லாம் தூசி. சுவர் இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது, கடத்தும் திறன் குறைவு என்பதும் வெறும் தண்ணீர் கொதிக்க வைப்பதில் பெரிதாகத் தெரியாது. அது தெரிவது கெட்டியாகச் சமைக்கும்போது, அந்த அளவில் நீலச்சுடர் சொன்னது சரி.

கேஸ் மிச்சமாக வேண்டுமா, மூடி போடுங்கள். உயரமான குவளையை விட அகன்ற அடி உள்ளதை எடுங்கள், சுடர் ஓரத்தில் வழிந்து வீணாகாது. காற்றை மறையுங்கள். ஆனால் அடுப்பு நேராக கேஸ் கேன்மேல் உட்கார்ந்திருந்தால் சுற்றிலும் இறுக்கமாகத் தடுப்பு வைக்கக் கூடாது, கேன் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு.

இறகுமூட்டை:
ஆக வேகத்தில் மூன்றும் ஒன்றுதான். மிச்சம் இருப்பது எடை. எடையில் யார் முன்னால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வார்ப்புச்சட்டி:
வார்ப்பிரும்பை ஒருவரும் பேசவில்லையே. எண்ணெய் காட்டிப் பழக்கினால் பேரன் பேத்தி காலம் வரை வரும்.

இறகுமூட்டை:
வரும், யாராவது தூக்கினால். வண்டியிலேயே போய் இறங்குகிறவர்களுக்குச் சரி. கல்மேல் போட்டால் விரிசல் விடும், சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் ஊற்றினாலும் அதே கதி.

துருத்திக்காரன்:
பாத்திரப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் எல்லாரும் தப்பான இடத்தில் சண்டை போடுகிறீர்கள். முகாமுக்குப் போய் வந்த பாத்திரம் என்னிடம் வந்தால் உலோகம் ஓட்டை விழுந்து வருவது அபூர்வம். கைப்பிடி கழன்று வரும், மூடியின் குமிழ் உருகி வரும், மடக்குப்பிடியின் கம்பி காதிலிருந்து பிதுங்கி வரும். ஓடைக்கரை அவர்களே, உங்கள் பழைய பாத்திரத்திலும் ஆடுவது பிடிதானே?

கடையில் பிடியைத்தான் முதலில் பாருங்கள். மெல்லிய சுவரில் இரண்டே புள்ளியில் ஸ்பாட் வெல்டிங் செய்து ஒட்டியிருந்தால், நிறைந்த பாத்திரத்தை ஒருபக்கமாகத் தூக்கத் தூக்க அந்தப் புள்ளியைச் சுற்றி உலோகம் களைத்துக் கிழியும். ரிவெட் என்றால் தளர்ந்தாலும் தட்டி இறுக்கலாம், உள்ளே தலையைச் சுற்றி அழுக்கு சேரும் என்பது மட்டும் குறை. பிடிமேல் சிலிகோன் உறை இருந்தால் விறகுக்கு ஆகாது, கருகி நாறும். விறகும் மூட்டுகிறவருக்கு வாளிக்கு இருப்பது போன்ற தூக்குப்பிடி வேண்டும். அதைத் தொங்கவிடலாம், குச்சி கொடுத்து இறக்கலாம், இரண்டு பக்கமும் பாரம் சமமாக விழும். மூடியின் குமிழும் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது.

அப்புறம் அந்த "கனமான அடி". எவர்சில்வரின் அடியில் அலுமினியத் தட்டு ஒட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை, வெறும் பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் காயவிட்டால் தட்டு பிரிந்து வரும். அடியிலிருந்து விளிம்புவரை மூன்று அடுக்காகச் சேர்த்து உருட்டிய தகட்டில் செய்தது இதைவிட மேல், எடைதான் கூடும்.

நீலச்சுடர்:
பிடி பற்றி முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல பிடியோடு அனோடைஸ்டும் கிடைக்கிறதே.

துருத்திக்காரன்:
கிடைக்கிறது. கேஸ் மட்டும் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். தணல் உண்டு என்றால் மாட்டேன்.

ஓடைக்கரை:
அடியில் மடிப்பு மடிப்பாகத் தகடு வைத்த பாத்திரங்கள் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்கிறார்களே? அதில் நான்ஸ்டிக் உள்ளதும் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை:
மிச்சப்படுத்துவது உண்மை, சூடு வாங்கும் பரப்பு கூடுகிறது. ஆனால் நீங்கள் கேட்டது உழைப்பு. அந்தத் தகடுகள் பையில் நசுங்கும், விறகில் கரி அடைத்துக்கொள்ளும். நான்ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். வெறும் பாத்திரம் அடுப்பில் சில நிமிடம் இருந்தாலே 260 டிகிரியைத் தாண்டும், அந்த அளவிலிருந்து பூச்சு கெட ஆரம்பிக்கும்.

ஓடைக்கரை:
சரி, அப்படியானால் தூக்குப்பிடி வைத்த எவர்சில்வர், அடித்தட்டு ஒட்டாதது. இரண்டு பேருக்கு எத்தனை லிட்டர்?

கனத்தஅடி:
ஒன்றரை லிட்டர். பொங்கி வழியாமல் இருக்க மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். அகலமாக இருந்தால் கேஸ் கேனையும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். உப்பைப் பச்சைத் தண்ணீரில் போடாதீர்கள், அடியில் தங்கி எவர்சில்வரிலும் புள்ளிக் குழி விழும். கொதித்த பிறகு போட்டுக் கலக்குங்கள். விறகில் ஏற்றுமுன் வெளிப்பக்கம் சோப்பு தடவினால் கரி சுலபமாகப் போகும்.

இறகுமூட்டை:
வாங்குமுன் டைட்டானியத்தையும் ஒருமுறை கையில் தூக்கிப் பாருங்கள். எனக்குத் தண்ணீர் கொதித்தால் போதும், அதனால் மாறப்போவதில்லை. நீங்கள் உண்மையிலேயே சமைக்கிறவர் என்றால் வற்புறுத்த மாட்டேன்.