கிராபிக்ஸ் கார்ட் மாற்றியதும் விளையாட்டில் திரை உறைகிறது (கிளிநொச்சி)

அண்ணாமார், அக்காமார், வணக்கம். அண்ணா வெளிநாடு போகமுன் விட்டுச்சென்ற பென்டியம் 4 கணினி இது. நாங்கள் சேர்ந்து விளையாடியது இதில்தான், அதனால் எறிய மனமில்லை. ஏஜிபி 8எக்ஸ் மதர்போர்ட் (ஏஜிபி என்பது கிராபிக்ஸ் கார்ட் செருகும் பழைய வகை இணைப்பு, 8எக்ஸ் அதன் வேகம்), 1 ஜிபி ராம், 250 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் எக்ஸ்பி.

மூன்று கிழமைக்கு முன் ஜீபோர்ஸ் எப்எக்ஸ் 5200 கார்டைக் கழற்றி, பாவித்த 6600 ஜிடி ஏஜிபி கார்ட் போட்டேன். சும்மா நிற்கும்போது பிரச்சினை இல்லை. முப்பரிமாண விளையாட்டு தொடங்கி ஐந்து நிமிடத்தில் திரை உறைந்து, கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. வன்னி வெக்கை என்று நினைத்தேன், இரவிலும் அதே கதைதான்.

டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். தூசு தட்டி, வெப்பம் கடத்தும் பேஸ்ட் மாற்றினேன். கார்டின் 4 பின் மின் இணைப்பைத் தனி வயரில் கொடுத்தேன். அப்புறம் பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) ஏஜிபி வேகத்தை 4எக்ஸுக்கு இறக்கியும் பார்த்தாயிற்று. பழைய கார்டில் மணிக்கணக்காக ஓடுகிறது.

மல்டிமீட்டர் கையில் இருக்கிறது. யாழ்ப்பாணம் போய் 400 வாட் பவர் சப்ளை வாங்கமுன், 250 வாட் போதாததுதான் காரணம் என்று எப்படி உறுதிப்படுத்தலாம்?