நம்ம அகதி முகாம் குழு: பதிவு நாளில் ரத்தப் பரிசோதனை?

மேரி அக்கா: அடுத்த மாதம் உதவித்தொகைப் பதிவு எடுக்கும் நாளன்றே, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான பரிசோதனையும் வைக்கச் சொல்லி மனு கொடுக்கப் போகிறோம். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

யோகன்: போன வருடம்தானே ரத்தம் எடுத்தார்கள்?

மேரி அக்கா: செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு! ஆம்பிளைகள் எல்லாரும் பெயின்ட் வேலைக்குப் போயாச்சு. உதவித்தொகைப் பதிவு என்றால் கேரளாவில் இருப்பவர்கூட ராத்திரி பஸ் பிடித்து வந்துவிடுவார்.

யோகன்: 😄 அது சரி

சின்னம்மா: எங்கள் வீட்டில் ஒருவருக்கும் காமாலை இல்லைப் பிள்ளை. கீழாநெல்லியும் குடிக்கிறோம்.

கீதா நர்ஸ்: கண் மஞ்சளாகாமலே பல வருடம் ஈரலுக்குள் இருக்கும் சின்னம்மா. ஈரல் சுருங்கிய பிறகுதான் பலருக்குத் தெரியவரும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு நிலைத்துவிடும். குழந்தைகளுக்கான தடுப்பூசி இந்தியா முழுக்க வந்ததே 2011-ல். 90-ல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களுக்கு யார் போட்டது?

யோகன்: தெரிந்து என்ன பயன்? மச்சானுக்கு பாசிட்டிவ் என்று துண்டுச் சீட்டு கொடுத்து, "கேரியர்தான் (கிருமியைச் சுமப்பவர்), ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது வீட்டில் அவருக்குத் தட்டே தனி.

கீதா நர்ஸ்: ஐயோ, சேர்ந்தே சாப்பிடலாம் அண்ணா! சவரக் கத்தியும் பல் தேய்க்கும் பிரஷும்தான் தனியாக இருக்க வேண்டும். மச்சானின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதித்து, தொற்று இல்லை என்றால் தடுப்பூசி போடணும். பெரியவர்களுக்கு 3 ஊசி, ஆறு மாதத்தில் முடியும். மச்சானுக்கு ஈரல் பரிசோதனை, வைரஸ் அளவு, ஸ்கேன் மூன்றும் பார்த்த பிறகுதான் மாத்திரை வேண்டுமா என்று சொல்ல முடியும். வேண்டாம் என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கணும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

யோகன்: இலவசம் சரி. போய்வர ஒரு நாள் கூலி போகிறதே.

மேரி அக்கா: அதைத்தான் இரண்டாவதாகக் கேட்கிறோம். பாசிட்டிவ் வந்தவர்களுக்கு ஆறு மாத ரத்தத்தை இங்கேயே வந்து எடுக்கட்டும். சீட்டுத் தொலைந்தாலும் நர்ஸம்மாவின் நோட்டில் இருக்கும்.

சின்னம்மா: நோட்டிலா? வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டால் என் பேத்தியை யார் கட்டுவான்? ரத்தம் கொடுக்காதவருக்குக் காசு இல்லை என்றும் சொல்வார்கள், பார்.

கீதா நர்ஸ்: சின்னம்மா சொல்வது நியாயம். மனுவில் இது இல்லையே அக்கா.

மேரி அக்கா: சேர்க்கிறேன். பால்வாடிக்குள் தனியாக எடுக்கணும், முடிவை அவரவர் கையில் கொடுக்கணும், விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும், உதவித்தொகையோடு முடிச்சுப் போடக் கூடாது. சரியா?

சின்னம்மா: அப்படியென்றால் வருகிறேன்.

யோகன்: கையெழுத்துக்கு எட்டு மணிக்கு மேல் வாருங்கள் அக்கா. கீதா, மச்சான் எந்த நாள் போனால் டாக்டரைப் பார்க்கலாம்?